சேர் வாசல்ல நிக்கிறாரு

அப்பாவின் கால் போன கதையை யார் கேட்டாலும் நான் சப்பாத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். பேராதனைக் கெம்பஸில் படிக்கும் என் மகள் துஷா, மிச்சம் பிடித்த காசில் தாத்தாவுக்கு ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து வாங்கி வந்தாள். அது ஒரு நம்பர் சின்னது. பேத்தியின் மனம் நோகக்கூடாது என்று அப்பா, "அளவெடுத்த மாதிரி இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, அதை மாட்டிக்கொண்டு தினமும் கடை வரைக்கும் நடந்தார். இடது காலின் சின்ன விரலோரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு அவரை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் உண்மையில் அவருக்கு அது வலிக்கவே இல்லை. சீனி வருத்தம் பல வருடமாக உள்ளவர்களுக்குக் கால் நரம்புகள் மரத்துப்போகுமாம். முள் குத்தினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் தினமும் அவருடைய பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் இன்றைக்கே அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். வெட்கப்படுவார், விடாதீர்கள்.

அப்பாவுக்கு முப்பது நாள் காரியம் முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. மழை மாதம். தைக்கக் கொடுக்க யாரும் வருவதில்லை, மெஷின் சும்மா கிடக்கிறது. மனதும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டேன்.

அப்பாவின் பெயர் சுப்பையா. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், பெரிய சேர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் படித்தவர்களில் டொக்டர் உண்டு, லோயர் உண்டு. அவருடைய சொந்த மகளாகிய நான் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் பெயில்.

அவருடைய வேலை மணி அடித்துப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடும். காலையில் தொழிலாளர்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவார்களே, அந்தப் பெரட்டுக் களத்தில் பிள்ளைகளின் வரவு பதியும் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளை வராத தாய் தகப்பனைப் பார்த்து, "நேத்து வரலையே" என்பார். அவ்வளவுதான். அதற்கும் பிள்ளை வரவில்லை என்றால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போவார். போய் அந்த வீட்டு வாசலில் நிற்பார்.

வெறுமனே நிற்பார். புத்திமதி சொல்ல மாட்டார், அதட்ட மாட்டார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பார். மழையோ வெயிலோ, குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "சேர் வாசல்ல நிக்கிறாரு" என்று லயம் முழுக்கச் செய்தி போய்விடும். ஒரு மனிதர் ஒன்றும் பேசாமல் வாசலில் நிற்கும்போது உள்ளே அடுப்பு ஊத முடியாது, சண்டை போட முடியாது, சோறு கூட இறங்காது. கடைசியில் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அப்பா குடையைப் பிள்ளையின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நடப்பார், தான் நனைவார். ஓய்வு பெற்ற பிறகும் இதை அவர் விடவில்லை.

நான் பெயிலான அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். அம்மா தட்டினார், திறக்கவில்லை. பிறகு சத்தமே இல்லை. சத்தமே இல்லாதபோதுதான் எனக்குப் புரிந்தது, வெளியே அப்பா நிற்கிறார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். திறந்தபோது, "தையல் மெஷின் ஒன்னு வாங்கித் தரவா?" என்று கேட்டார். இன்றைக்கு வரைக்கும் அந்த மெஷினில்தான் தைக்கிறேன்.

கொப்புளத்தைக் காட்டிக்கொடுத்தது நாற்றம்தான். ஒருநாள் அளவெடுக்க வந்த பெண், "என்னக்கா, எலி ஏதும் செத்துக் கிடக்குதா?" என்று கேட்டாள். அலுமாரிக்கு அடியில் எல்லாம் தேடினேன். பிறகு பார்த்தால், அப்பா வழக்கமான நாற்காலியில் உட்காராமல் வெளியே மர வாங்கில் போய் உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். "பொறகு கழட்டுறேன்" என்றார். நானே குனிந்து இழுத்தேன். உள்ளே போட்டிருந்த மேசு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சின்ன விரல் கறுத்துப்போயிருந்தது. அவரும் அப்போதுதான் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "இது எப்படா இப்படி ஆச்சு?" என்று காலிடமே கேட்டார்.

நுவரெலியாவில் இரண்டு நாள் வைத்திருந்து ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விடவில்லை. கண்டிக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் ஏறும்போது கூட அப்பா தடியை விடவில்லை. "போற எடத்துல நடக்கணும்ல" என்றார்.

கண்டி ஆஸ்பத்திரி எங்களுக்கு ஒரு ஊர் மாதிரி இருந்தது. எந்தப் படியில் ஏறினால் எந்த வாட்டுக்குப் போகலாம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. ஆண்கள் வாட்டில் ராத்திரிக்குப் பெண்கள் தங்க முடியாது. என் கணவர் ராஜேந்திரன்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் கட்டுகஸ்தோட்டையில் அவருடைய தங்கை வீட்டில் தங்கினேன். அந்தப் பிள்ளை காலையில் எழுந்து எங்கள் மூன்று பேருக்கும் சோற்றுப் பார்சல் கட்டித் தருவாள். அப்பாவுக்கு மட்டும் சீனிக்காரர் என்று குரக்கன் பிட்டு தனியாக வைப்பாள். ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லைதான், ஆனால் பஸ்ஸும் ஆட்டோவும் வெளியில் எடுத்த ஒரு ஸ்கேனும் என் கைக்காசை முடித்துவிட்டன. அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, காலையில் என் பையைத் திறந்தால் பஸ் காசு இருக்கும்.

எனக்கு மறக்க முடியாதது அந்த இரத்த ஓட்டப் பரிசோதனைதான். பேனா போல ஒன்றைக் காலில் வைத்து நகர்த்துவார்கள். உள்ளே இரத்தம் ஓடும் சத்தம் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். தொடையில் வைத்தபோது உஷ், உஷ் என்று நன்றாகக் கேட்டது. முழங்காலுக்குப் பின்னால் வைத்தபோதும் கேட்டது. கணுக்காலுக்கு வந்ததும் ஒன்றுமில்லை. பரிசோதித்த இளம் டொக்டர் நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார். பெட்டி இரைந்துகொண்டே இருந்தது, இரத்தச் சத்தம் மட்டும் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பெரிய டொக்டர் சிங்களவர். அப்பாவோடு சிங்களத்திலும், எனக்காக நடுவில் தமிழிலும் பேசினார். காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. தசை அழுகிக்கொண்டே மேலே வருகிறது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் முதலில் சிறுநீரகம் போகும், பிறகு எதையும் நிறுத்த முடியாது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். இதைச் சொல்லிவிட்டு, சம்மதப் படிவத்தை அப்பாவிடமே நீட்டினார்.

அப்பா அதை முழுக்கப் படித்தார். பரீட்சைத் தாள் படிக்கிற மாதிரி, பேனாவால் ஒவ்வொரு வரியையும் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"எழுவத்தாறு வயசு டொக்டர். போதும்."

"ரெண்டு நாள் இருக்குது. அதுக்குப் பிறகு நான் வெட்டுறேன்னு சொன்னாலும் வெட்ட முடியாது" என்றார் டொக்டர்.

அந்த இரண்டு நாளில் நான் செய்யாதது இல்லை. அழுதேன், கெஞ்சினேன், பக்கத்துக் கட்டில்காரரைப் பேசச் சொன்னேன். துஷாவைக் கூட்டி வந்து நிறுத்தினேன். சப்பாத்து வாங்கிய குற்றம் அவளை ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டு கட்டிலோரம் நின்றாள். அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அளவு நல்லாத்தாம்மா இருந்திச்சு" என்றார். அந்த நிலைமையிலும் பொய்.

காரணத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை. மருமகனிடம்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கக்கூசு பதினோரு படி கீழே இருக்கிறது. "கால் இல்லாம நான் எப்படி ராஜா எறங்குவேன்? செல்வி தூக்கிக்கிட்டுத் திரியணுமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா போன பிறகு தன் தட்டைக் கூட என்னைக் கழுவ விடாத மனிதர். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூக்கப் போகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

அதில் முதல் நாள் சாயந்தரம் வாட்டில் இடத்தை ஒதுங்க வைக்கச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த சப்பாத்தையும் தடியையும் வீட்டுக்குக் கொண்டுபோகும்படி நர்ஸ் மிஸ் சொன்னார். வீட்டில் அப்பாவின் பழைய கிளினிக் கொப்பியும் தேவைப்பட்டது. ராஜா மூன்று ராத்திரி தூங்கியிருக்கவில்லை. "நீங்க போயிட்டு நாளைக்கி வாங்க, இன்னைக்கு மட்டும் மச்சான் நிக்கட்டும்" என்று அவருடைய தங்கை கணவரை விட்டுவிட்டு அவரை அனுப்பினேன். சப்பாத்தையும் தடியையும் நான்தான் அவர் கையில் கொடுத்தேன்.

தலவாக்கலையில் கடைசி பஸ் போய்விட்டது. தெரிந்த கடையொன்றில் இருந்துவிட்டு விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. அவர் இறங்கிய நேரம் பெரட்டு நேரம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தூரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனால் உடம்பு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவர் செத்தவருடைய செருப்பையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார். அதைப் பார்த்தாலே போதும், வாயைத் திறந்து யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குக் காலை பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தது அதைத்தான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண், ஒரு கையில் பெரிய சேரின் சப்பாத்து, இன்னொரு கையில் தடி. முன்னால் நின்ற ஒரு பெண் "அண்ணே..." என்று தொடங்கியிருக்கிறாள். இவர் நிற்கவில்லை. மாமா கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறாரே என்ற துக்கம். கையை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தூங்கிவிட்டார்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடத் தொடங்கியபோது யாரும் பதில் சொல்லவில்லையாம். பெண்கள் தலையிலிருந்து கூடையை இறக்கிவிட்டார்கள். கண்டாக்கையாவும் அப்பாவிடம் படித்தவர்தான். பெயர் பதியும் செக்றோலை மூடிவிட்டு அவரும் நின்றுவிட்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுவார்கள். நான் அப்பாவுக்குப் பிட்டைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். துஷா ஓடி வந்தாள். வாட்டு வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தி அழ ஆரம்பித்தாள். கையில் போன். அதில் அப்பாவின் படம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே கண்ணீர் அஞ்சலி.

அப்பா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"யாரு எழுதுனது? கெட்டிக்காரன். ஆனா முப்பத்தெட்டு வருஷ சேவைன்னு போட்டிருக்கான். முப்பத்தாறுதான்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. அதற்குள் என் போன் அடித்தது. ராஜா.

"செல்வி, இங்க மாமாவுக்குத் தப்படிக்கிறாங்க."

"யாருக்கு?"

"மாமாவுக்குத்தான். நான் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா முத்தத்துல பந்தல் போட்டிருக்காங்க. வளைவு வரைக்கும் வெள்ளக் கொடி."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, உசுரோடதான் இருக்காருன்னு!"

"சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன், கால் விசயமும் சொல்லிட்டேன். பாதிப் பேரு நம்ப மாட்டேங்கிறாங்க. துக்கத்துல பொலம்புறேன்னு நெனைக்கிறாங்க."

"போன இங்க குடு" என்று அப்பா கை நீட்டினார். "ராஜா, மலைக்கு யாரும் போகலையா?"

"ஒருத்தரும் போகல மாமா. எல்லாம் பெரட்டுக் களத்துலதான் நிக்குது."

"பிள்ளைங்க?"

"அதுகளும்தான்."

"பாட்டுப் போட மைக் கட்டியிருப்பாங்களே. அதுகிட்ட போன வை."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். காலைக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல்.

"நான் சுப்பையா பேசுறேன்."

அந்தப் பக்கம் யாரோ வீலென்று கத்தினார்கள். தப்புச் சத்தம் நின்றது. "சாமி!" என்று ஒரு குரல், அதற்குப் பிறகு நூறு குரல். அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். வாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள்.

"பயப்படாதீங்க. நான் இன்னும் போகல. இன்னைக்கி ஒரு நாள் பேரு, ஒரு நாள் சம்பளம் ஒங்களுக்கு என்னால போச்சு, மன்னிச்சுக்கங்க. ஆனா பிள்ளைங்கள ஏன் நிப்பாட்டுனீங்க? இன்னைக்கி என்ன லீவா? அனுப்புங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து கேட்டது. அது அடங்கும் நேரத்தில் ஒரு பெண்ணின் குரல், மைக்குக்குக் கிட்டே வந்து.

"சேர், நான் பாக்கியம். பத்தாம் நம்பர் லயத்துப் பாக்கியம்."

"சொல்லுங்க பாக்கியம்."

"கால எடுத்தா நீங்க பொழைச்சுக்குவீங்களாம். நீங்க கையெழுத்து வைக்க மாட்டேங்கிறீங்களாம். நெசமா சேர்?"

"அது வந்து பாக்கியம்..." என்று ஆரம்பித்த அப்பா அதை முடிக்கவில்லை. பேச்சை அவர் பாதியில் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எம் மக சாந்திய பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பாத்தேன். நீங்க மூணு நாளு எங்க வாசல்ல வந்து நின்னீங்க. நான் திட்டுனேன். கதவச் சாத்துனேன். மூணாவது நாளு அப்படி மழை. தொறந்து பாத்தா நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்க. எனக்கு ஒங்க மேல வந்த கோவம் இருக்கே சேர், சொல்லி முடியாது." பாக்கியம் மூச்சு வாங்குவது கேட்டது. "எங்களுக்கு ஒங்களுக்குப் புத்தி சொல்லத் தெரியாது. நிக்கத் தெரியும். நாங்க இங்கயே நிக்கிறோம். நீங்க கையெழுத்து வைக்கிற வரைக்கும்."

அதோடு அவர் பேசவில்லை. வேறு யாரும் பேசவில்லை. போன் கட் ஆகவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள், ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. மழை தூற ஆரம்பித்திருக்க வேண்டும், தகரத்தில் விழுகிற சத்தம்.

"பாக்கியம்" என்றார் அப்பா.

பதில் இல்லை.

"ராஜா, அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லு."

ராஜாவும் பேசவில்லை.

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தார். அஞ்சு நிமிசமோ பத்து நிமிசமோ. பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது, மிஸ் வந்து என்னைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, போகச் சொல்லாமல் திரும்பிவிட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் செல்வி இவங்க இப்படி நிக்கிறாங்க?"

"யாருகிட்டப் படிச்சாங்களோ" என்றேன்.

"கக்கூசு பதினோரு படி கீழம்மா."

"எனக்கு எண்ணத் தெரியும். அந்தளவுக்குக் கணக்கு வரும்."

அவர் முகம் கோணிக்கொண்டது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவை எடுத்த அன்றைக்குக் கூட இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, பேனா கேட்டார். கையெழுத்து வைத்தபின் போனில், "வச்சிட்டேன். போங்க, நனையாதீங்க" என்றார். அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கூடக் கை தட்டினார்.

அன்று சாயந்தரமே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வயதானவர், முழு மயக்கம் தாங்க மாட்டார் என்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்தார்கள். அவருக்கு நினைவு இருந்தது. வெட்டுகிற சத்தம் கேட்டதா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கேட்டிச்சு. வேற எதையோ நெனைச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் இல்லாத சின்ன விரல் அரிக்கிறது என்றார். நாங்கள் பயந்துவிட்டோம். கால் போனாலும் அந்தக் காலுக்கான நரம்பும் மூளையில் அதற்கான இடமும் இருக்கும், அதனால் இல்லாத இடத்தில் வலியும் அரிப்பும் வரும், பலருக்கு வரும் என்று டொக்டர் விளக்கினார். அப்பாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "ஆள் வெலகிப் போயிட்டான், இடாப்புல இன்னும் பேர் வெட்டல" என்றார்.

மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால், படி ஒன்றும் இறங்காமல் போகிற மாதிரி, புதிதாக ஒரு கக்கூசு. பூச்சு காயாமல் இருந்தது. பாக்கியத்தின் கணவரும் இன்னும் நாலு பேரும் வேலை முடிந்து வந்து சாயந்தரங்களில் கட்டியிருக்கிறார்கள். பிடித்து எழும்ப இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் கூட வைத்திருந்தார்கள். அப்பா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெறப்பு விழா எப்ப?" என்று கேட்டார்.

கொடிக்கு வாங்கிய வெள்ளைத் துணியில் பாதி வெட்டாமல் கோயிலில் கிடந்தது. பந்தல் வேலைக்கு முன்னின்ற தோட்டத் தலைவர் முனியாண்டி அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றையும் வாங்கி, வெட்டிய கொடிகளையும் சேர்த்து என் மெஷினுக்குக் கொண்டுவரச் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்பது சேர்ட்டும் நாலு கவுனும் வந்தன. வெட்டிய முக்கோணங்களை ஒட்டுப்போட்டதில் ஒரு சேர்ட்டுக்கு மட்டும் முதுகில் குறுக்கே சாய்வாக ஒரு தையல் விழுந்துவிட்டது. எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. "முதுகுதானே, போடுறவனுக்குத் தெரியாது" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் நாலு மாதமும் இருந்தார். கக்கத்தில் கட்டைகளை வைத்துக்கொண்டு நடக்கப் பழகினார். நிற்க முடியாதே என்று நாங்கள் நினைத்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவரச் சொல்லி, பிள்ளை வராத வீட்டு வாசலில் உட்கார ஆரம்பித்தார். "முன்னாடியாவது கால் வலிச்சா போயிருவாருன்னு நம்பிக்கை இருந்திச்சு. இப்ப அதுவும் இல்ல" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

போனது ஒரு காலை நேரம். தேத்தண்ணி குடித்துவிட்டு, "கொஞ்சம் சாயுறேன்" என்று சாய்ந்தார். இதயம் நின்றிருக்கிறது. ராஜா இந்தத் தடவை வெறுங்கையோடு பெரட்டுக் களத்துக்கு நேராகப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி வாயால் சொன்னார்.

நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அழவும் முடியவில்லை. துஷா கண்டியிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகும். யாரோ உள்ளே வந்து காரியங்களைத் தொடங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஒப்பாரிச் சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்த அமைதி எனக்கு உறைத்தது. கதவு வழியாகப் பார்த்தேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். முற்றம் நிறைய, பாதை நிறைய, வளைவு வரைக்கும். தூறலில் பெண்கள் கூடை இல்லாமல், பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில். முன்னால் நின்ற ஒரு பையன் யாரையோ திரும்பிப் பார்த்தபோது அவனுடைய முதுகில் குறுக்கே சாய்வாக என்னுடைய தையல். "உள்ள வாங்க" என்றேன். வரவில்லை. ராஜா கதிரைகளை எடுத்துப் போட்டார், யாரும் உட்காரவில்லை. தேத்தண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றார்கள்.

நான் அப்பாவிடம் குனிந்து, "அப்பா, வாசல்ல நிக்கிறாங்க" என்றேன்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருடம் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று, எத்தனையோ பேரை வெளியே வரவைத்தவர். அவருக்குத் தெரியாததா, யாராவது ஒருவர் எழுந்து வெளியே போகிற வரைக்கும் அவர்கள் நகர மாட்டார்கள் என்று.

நான் எழுந்தேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தேன். பாக்கியம் ஒன்றும் பேசாமல் தன் குடையை என் தலைக்கு மேல் நீட்டினார்.